மாமரத்தின் மேல் இருப்பது புல்லுருவி அன்று

சென்ற மாதக் கடைசியில், சேர்வராயன் மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் நமது அங்கத்தினர் ஒருவர் ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு சங்க அலுவலகத்திற்கு வந்து சேர்ந்தார். அவர் பையை அவிழ்த்துத் தரையில் கொட்டியவை, வார் வாராக மடிந்த தடித்த இலைகளும் வெண்ணிறக் கயிறு போன்ற வேர்களும் உடைய செடிகள். "தோப்பு முழுவதும் புல்லுருவி ஏறிவிட்டது ஐயா. நான்கு ஆளுக்குக் கூலி கொடுத்து வெட்டி இறக்கினேன். மறுபடியும் தழையாமல் இருக்க மருந்து ஏதாவது உண்டா?" என்பது அவருடைய கேள்வி. கொட்டிய குவியலில், நசுங்கிய ஒரு காம்பில் மூன்று பூக்கள் இன்னும் வாடாமல் இருந்தன. மஞ்சளும் பழுப்பும் கலந்த இதழ்கள். அவற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். நடுவே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சிற்றிதழ். நூல் வாங்க வந்து காத்திருந்த நெசவாளர் ஒருவர் அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது கைலிக் கட்டமல்லவா!" என்றார்.

அவர் அறியாமலே சரியாகச் சொல்லிவிட்டார். அந்தச் செடி ஓர் ஆர்க்கிட். அதன் அறிவியற்பெயர் வாண்டா டெசலேட்டா. டெசலேட்டா என்னும் லத்தீன் சொல்லுக்குக் கட்டம் போட்டது என்பதே பொருள். ராக்ஸ்பர்க் என்னும் தாவரவியலார் சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றிய தமது பெருநூலில் 1795ஆம் ஆண்டிலேயே இதற்குப் படம் வரைவித்து இப்பெயரைச் சூட்டினார். வாண்டா என்பதும் அயல்நாட்டுச் சொல்லன்று. மரத்தின்மேல் வளரும் செடியைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து எடுத்தது. ஆக, நம் ஊர் மாமரத்தில் பூத்து, நம் நாட்டுப் பெயரோடு உலகமெங்கும் சென்ற ஒரு செடியை நம்மவர் கூலி கொடுத்து வெட்டிச் சாக்கில் கட்டிவிட்டார். அவர்மீது நமக்கு வருத்தம் இல்லை. இதை அவருக்குச் சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை; அந்தக் குறையில் இவ்வேட்டிற்கும் பங்குண்டு.

புல்லுருவி வேறு, ஆர்க்கிட் வேறு. புல்லுருவி மாமரத்திற்கு உண்மையான பகை. அது கிளையின் பட்டையைத் துளைத்து உள்ளே உறிஞ்சிகளைச் செலுத்தி, மரம் ஏற்றும் நீரையும் சத்தையும் திருடித் தின்னும். கிளையும் புல்லுருவியும் சேருமிடம் கட்டியாக வீங்கியிருக்கும். பிரித்தெடுக்க முயன்றால் பட்டையும் சேர்ந்து பிய்யும். அதைத் தயவு தாட்சணியமின்றி வெட்டி, பிடித்த கிளையையும் சற்றுத் தள்ளி அறுத்துவிடவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆர்க்கிட்டின் வேரோ பட்டையின் மேலே படர்ந்து பற்றிக்கொண்டிருக்குமே தவிர உள்ளே நுழையாது. அது மரத்திடம் கேட்பது உட்கார ஓர் இடம் மட்டுமே. மழைநீர், காற்றில் வரும் தூசி, கவட்டில் மக்கும் சருகு ஆகியவையே அதன் உணவு. வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்ணிற உறை ஒன்று உண்டு. மழைத்துளி பட்டதும் அது நீரை இழுத்துக்கொண்டு பச்சை நிறமாக மாறும். செம்பில் நீர் எடுத்துச் சென்று வேரின்மேல் ஊற்றிப் பாருங்கள். நிறம் மாறினால் அரிவாளைக் கீழே வைத்துவிடலாம்.

இக்குடும்பத்தில் உலகில் ஏறத்தாழ 28,000 இனங்கள் உண்டு என்பர். நம் நாட்டில் 1,256 இனங்கள் இருப்பதாக இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 2019இல் கணக்கிட்டு வெளியிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் சுமார் 300. இவற்றுள் பல வேறெங்கும் கிடையாதவை. எல்லாமே மரத்தில் வாழ்பவை அல்ல. புல்வெளியில் கிழங்கு விட்டு வளர்பவையும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் சாலாமிசிரி என்று கேட்டு வாங்கிப் பாலில் கலந்து குடித்த பெரியவர்கள் நம்மில் பலர் இருப்பர். அது ஆர்க்கிட் கிழங்குதான். ஐஸ்கிரீமில் மணக்கும் வனில்லாவும் ஓர் ஆர்க்கிட் கொடியின் காயே.

பூவைக் கண்டவுடன் இது ஆர்க்கிட்டா என்று தீர்மானிப்பது கடினமன்று. நெசவாளருக்கு மிகவும் எளிது. தொட்டுப் பார்த்தே அறுபதாம் நம்பர் நூலையும் எண்பதாம் நம்பர் நூலையும் பிரித்துச் சொல்லும் விரல்களுக்கும், ஒரு இழை தவறினாலும் தறியை நிறுத்தும் கண்களுக்கும் இது பெரிய வித்தையா? வெளிவரிசையில் மூன்று இதழ், உள்வரிசையில் மூன்று இதழ் என்று எண்ணுக. உள்வரிசை மூன்றில் ஒன்று மட்டும் வடிவிலும் நிறத்திலும் மாறுபட்டு நிற்கும். புடவை முழுவதும் ஒரு மாதிரியாக ஓடிவர, முந்தானை மட்டும் தனி வேலைப்பாட்டோடு அமைவதை ஒத்தது அது. அதற்கு உதட்டிதழ் என்று பெயர். பெரும்பாலானவற்றில் வண்டும் தேனீயும் வந்து இறங்கும் திண்ணை அதுவே. அதற்கு மேலாக, ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் தனித்தனியே இராமல் ஒன்றாய்த் திரண்ட சிறு தூண் ஒன்று நிற்கும். தென்னை ஈர்க்கின் முனையை அத்தூணின் நுனியில் மெல்ல நெருடினால், மகரந்தம் பொடியாக உதிராமல் மஞ்சள் நிறத் திரளாக அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். இவ்வளவும் பொருந்தினால் ஐயமே வேண்டாம். இன்னும் ஒன்று. மொட்டாக இருக்கையில் உதட்டிதழ் மேற்புறம் இருக்கும். மலருமுன் காம்பு அரைச்சுற்று முறுக்கிக்கொண்டு அதைக் கீழே கொண்டுவரும். அந்த முறுக்கைக் காம்பின் வரிகளில் கண்ணால் காணலாம். நூலுக்கு முறுக்கு ஏற்றுபவர்கள் இதைப் பார்த்து மகிழாமல் இருக்கமாட்டார்கள்.

ஆனால் ஆர்க்கிட் என்று அறிவது பாதி வழியே. எந்த ஆர்க்கிட் என்பதை அறிவதில்தான் இப்பொழுதுபோக்கின் சுவை முழுவதும் இருக்கிறது. செடியின் நடையை முதலில் பார்க்கவேண்டும். வாண்டாவைப் போல ஒரே தண்டாய் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகிறதா, டென்ட்ரோபியம் போலப் பக்கவாட்டில் நடந்து ஆண்டுதோறும் புதுத்தண்டு விடுகிறதா? இலை மடிந்ததா, விரிந்ததா? பூங்கொத்து நுனியிலா, கணுவிலா? எந்த மரம், எவ்வளவு உயரம், எந்த மாதம்? இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு நூல்களோடு ஒப்பிடவேண்டும். கைப்பேசியில் படமெடுத்தவுடன் பெயர் சொல்லும் செயலிகள் இன்று உண்டு. அவை தரும் விடையை அக்கம்பக்கத்தார் சொல்லும் செய்தியைப் போலக் கேட்டுக்கொள்ளலாம், விசாரியாமல் நம்புவதற்கில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ராஸ்னா என்னும் மருந்துப்பெயரின் கதையைச் சொல்வோம். வங்காளத்தில் ராஸ்னா என்றால் மேற்சொன்ன வாண்டாவின் வேர். வடநாட்டின் பிற பகுதிகளில் அது முற்றிலும் வேறான ஒரு குறுஞ்செடி. தென்னாட்டு வைத்தியரோ அப்பெயருக்கு அரத்தையை எடுத்துத் தருவார். ஏடு ஒன்று, பெயர் ஒன்று, பொட்டலத்தில் வருவது மூன்று பொருள்கள். பெயரைச் செடியோடு உறுதியாகக் கட்டிப்போடும் வேலையைச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அவர்களுள் ஒருவர் நம் சங்கத்தின் இரு பிரிவினருக்கும் உறவானவர். ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் அரசாங்கப் பண்ணைகளுக்கு அதிகாரியாக இருந்தார். பருத்தி அவருடைய உத்தியோகம். செடிகளை இனங்காண்பதோ அவருடைய உயிர். தென்னிந்தியச் செடிகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட படங்களோடு அவர் சென்னையில் வெளியிட்டுவந்த தொகுதிகள் 1853இல் நிறைவுற்றன. அப்படங்களை எழுதியவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் கைத்திறனை மெச்சிய வைட், தாம் கண்ட ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்குக் கோவிந்தூயா என்றே பெயரிட்டார். பின்வந்த அறிஞர்கள் அதை ட்ரோப்பிடியா என்னும் வேறு பேரினத்தில் அடக்கிவிட்டபடியால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. இருப்பினும் கூலிக்குப் படமெழுதிய ஒரு கைவினைஞர் பெயர் ஒரு காலத்தில் ஒரு செடிக்கு வைக்கப்பட்டது என்பதை நெசவாளர் ஏடாகிய இது மறக்கலாகாது.

இனி, நாம் சொல்ல வந்த குறைக்கு வருகிறோம். ஆர்க்கிட் மோகம் இப்போது நம் ஊர்களிலும் பரவிவருகிறது. அது நல்லதே. ஆனால் பெயர் அறியும் முன்னரே செடியை உடைமையாக்கும் அவசரமும் கூடவே பரவிவருகிறது. மலை ஊர்களின் சாலையோரத்தில், பாசியில் சுற்றிக் கட்டுக்கட்டாக வைத்திருக்கும் செடிகளைச் சுற்றுலா வந்தவர்கள் பேரம் பேசி வாங்கிக்கொண்டு கீழிறங்குகிறார்கள். அவை பண்ணையில் வளர்ந்தவை அல்ல, காட்டிலிருந்து உரித்தவை. ஐயாயிரம் அடி உயரத்து மூடுபனியில் வாழ்ந்த செடி சேலத்துச் சித்திரை வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? ஒரு கோடை. அதற்குள் இலை சுருங்கி, வேர் கருகி, குப்பைக்குப் போகிறது. அடுத்த ஆண்டு அவர் வேறொரு கட்டு வாங்குகிறார்.

இவ்வாறு செய்து பார்த்தவர்கள் முன்னரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்களுக்கு ஆர்க்கிட் பித்துப் பிடித்திருந்தபோது, கொலம்பியா நாட்டுக் காட்டில் சுமார் 10,000 செடிகளை எடுப்பதற்காகச் சுமார் 4,000 மரங்களை வெட்டியதாக மில்லிகன் என்னும் சேகரிப்பாளர் 1891இல் தாமே எழுதிவைத்தார். அவ்வளவு தூரம் போவானேன்? அகத்தியமலையில் மட்டும் வாழும் பொன்னிறச் செருப்புப்பூ ஒன்று உண்டு. கர்னல் ட்ரூரி 1865இல் அதைக் கண்டறிந்தார். பாபியோபெடிலம் ட்ரூரியை என்பது அதன் பெயர். வேண்டியவர்கள் வேண்டியமட்டும் எடுத்துக்கொண்டதில், அந்த இனமே அற்றுப்போயிற்று என்று கருதும் நிலை வந்தது. 1972இல் மறுபடி கண்ணில் பட்டது. செருப்புப்பூ இனம் முழுவதும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்துவிட்டது. எந்த ஆர்க்கிட்டாயினும் காப்புக்காட்டிலிருந்து எடுப்பது குற்றமே. சட்டம் இருந்தும் சாலையோரக் கட்டுகள் குறையவில்லை; வாங்குபவன் இருக்கும்வரை விற்பவன் இருப்பான்.

எடுத்தால் என்ன, மறுபடி முளைக்காதா என்று நமது தோட்டக்கார அன்பர் கேட்கலாம். ஒரே காயில் லட்சக்கணக்கான விதை இருக்கக்கூடும் என்பது மெய். ஆனால் அந்த விதை தூசியைப் போன்றது. நெல்லுக்குள் அரிசி இருப்பது போன்ற உணவுச் சேமிப்பு அதற்குள் ஒன்றுமே கிடையாது. விழுந்த இடத்தில் உற்ற பூஞ்சாளம் ஒன்று அதனுள் புகுந்து ஊட்டினாலொழிய அது முளைக்காது. பெர்னார் என்னும் பிரெஞ்சு இளைஞர் இந்த இரகசியத்தை 1899இல் கண்டுபிடிக்கும்வரை, பெரும் பணக்காரர்களின் கண்ணாடி வீடுகளிலும் விதை போட்டு ஏமாந்தவர்களே மிகுதி. லட்சம் விதையில் ஒன்று பிழைத்து, பல ஆண்டு காத்திருந்து பூக்கும் செடியைத்தான் நாம் ஒரு நிமிஷத்தில் உரித்துவிடுகிறோம்.

ஆயினும் அதே அறிவியல் நமக்கு வேறு வழியும் திறந்துவிட்டது. 1922இல் அமெரிக்கப் பேராசிரியர் நட்சன், பூஞ்சாளம் இல்லாமலே சர்க்கரை கலந்த கடற்பாசிக் கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்கவைக்கலாம் என்று காட்டினார். 1960இல் பிரான்சின் மோரெல், குருத்து நுனியிலிருந்து ஒரே மாதிரியான செடிகளைப் பெருக்கும் முறையைக் கண்டார். இன்று தொட்டியில் விற்கும் டென்ட்ரோபியம் கலப்பினங்கள் இத்தகைய வழிகளில் கண்ணாடிப் புட்டியில் பிறந்தவை. பெரும்பாலும் தாய்லாந்திலிருந்து வந்தவை. காட்டிற்கு அவற்றால் நஷ்டமில்லை. சமவெளியில் உள்ள நம் அங்கத்தினர் எவரேனும் ஆர்க்கிட் வளர்க்க விரும்பினால் இவற்றையே வாங்கவேண்டும் என்பது நமது திடமான கருத்து.

வளர்ப்பதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, மண்ணில் நடுவது. மண்ணில் வைத்தால் வேர் மூச்சுத்திணறிச் சாகும். பக்கமெல்லாம் துளையுள்ள தொட்டியில் அடுப்புக்கரித் துண்டும் ஓட்டுச் சில்லும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டு அதன்மேல் செடியைக் கட்டினாற் போதும். செடி ஆடாமல் இருப்பது முக்கியம். பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையின் கீழ், அல்லது வேப்பமர நிழலில் தொங்கவிடலாம். தண்ணீரைக் காலையில் தெளித்தால் மாலைக்குள் வேர் உலர்ந்துவிடவேண்டும். இரவில் ஈரம் நின்றால் குருத்து அழுகும். உப்பேறிய ஆழ்குழாய் நீர் இதற்கு நஞ்சு; மழைநீரைத் தொட்டியில் பிடித்துவைத்து ஊற்றுவது உத்தமம். சிறு நாற்று பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். வேர் வெண்மையாய் இருந்தால் தாகம், பச்சையாய் இருந்தால் போதும் என்று செடியே சொல்லிவிடும். தண்ணீர் இல்லாமல் செத்த ஆர்க்கிட்டைக் காட்டிலும் அன்பு மிகுந்து தண்ணீர் ஊற்றியதால் செத்ததே நம் ஊரில் அதிகம் இருக்கும் என்பது நமது சொந்த அனுபவத்திலிருந்து சொல்வது. நாமும் மூன்றைக் கொன்றிருக்கிறோம்.

நெய்த துணி தேங்கிக் கிடக்கிறது, கூலி உயரவில்லை, இந்த வேளையில் பூச்செடியைப் பற்றி எழுதுவதா என்று அங்கத்தினர்கள் நம்மைக் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. இதைப் பிழைப்பாகச் சொல்வோமானால் நாம் குற்றவாளிகள். வனில்லாக் கொடியை நினைத்துப் பாருங்கள். 1841இல் ரெயூனியன் தீவில் எட்மண்ட் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு குச்சியாலும் கட்டைவிரலாலும் அப்பூவில் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். உலகெங்கும் வனில்லா வியாபாரம் அந்தக் குழந்தையின் விரலிலிருந்து பிறந்தது. அவனோ வறுமையிலேயே இறந்தான். 2003ஆம் ஆண்டை ஒட்டி அதன் விலை வானத்தை எட்டியபோது நம் மலைத்தோட்டங்களிலும் பாக்கையும் மிளகையும் விட்டு அக்கொடியை ஏற்றினவர்கள் உண்டு. காய் முற்ற எட்டு ஒன்பது மாதம். விலை விழ அவ்வளவு காலம் ஆகவில்லை. பிறகு ஈமுக் கோழி வந்தது. அதில் கையைச் சுட்டுக்கொண்டவர்களின் தழும்பு இன்னும் ஆறவில்லை. "ஆர்க்கிட் நாற்று வாங்குங்கள், பூவை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்று எவரேனும் முன்பணம் கேட்டு வாசலுக்கு வந்தால், அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நாம் கேட்பது செலவில்லாத காரியங்கள். காப்பித் தோட்டமுள்ள அங்கத்தினர்கள் நிழல்மரங்களைக் கவாத்துச் செய்யும்போது, ஆட்களிடம் புல்லுருவியையும் ஆர்க்கிட்டையும் பிரித்துக் காட்டி, முன்னதை மட்டும் வெட்டச் சொல்லவேண்டும். வெட்டியே ஆகவேண்டிய கிளையில் ஆர்க்கிட் இருந்தால் அதைப் பெயர்த்து அதே தோட்டத்தில் அடுத்த மரத்தில் கட்டிவிடலாம். ஒரு முழம் தேங்காய் நார்க் கயிறு போதும். ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1960களிலிருந்து இருக்கிறது. சேலத்து அங்கத்தினர்களில் எத்தனை பேர் அதன் வாசலை மிதித்திருப்பார்கள் என்று கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. சங்கத்தின் ஆண்டுவிழாச் செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கினால், நெசவாளர், விவசாயி இருவர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரு பேருந்தில் ஏற்றி ஒருநாள் அங்கே அழைத்துச் செல்லலாம். நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மாந்தோப்பு அங்கத்தினர் அன்று மாலையே சாக்கைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். நசுங்காத பதினொரு செடிகளைத் தோப்பின் மரங்களில் நார்க்கயிற்றால் கட்டினாராம். சென்ற வாரம் சந்தையில் கண்டோம். நான்கு காய்ந்துவிட்டன, ஏழில் வேர்நுனி பச்சையாகத் துளிர்த்திருக்கிறது என்றார். மருந்தைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை. மரத்தில் உண்மையாகவே இருந்த புல்லுருவி இரண்டை மட்டும் அறுத்துப்போட்டாராம்.